வலையை மிதிக்காத வில்லன்

சாம்பல் முகத்தான் யார் என்பது இந்த உலகத்தில் எனக்கும் என் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்றை நம்பிவிட்டால் அப்புறம் என்னை அசைக்க முடியாது. அது என் குணம், அதனால் நான் பட்டதும் உண்டு.

அவன் ஒரு காமிக்ஸ் வில்லன். பெயர் சொல்லாத ஒரு துறைமுக நகரத்தில் கப்பல்களைக் கொளுத்துகிறவன். முகம் முழுக்கச் சாம்பல் நிறத் துணி சுற்றியிருப்பான், கண் இரண்டும்தான் தெரியும். அட்டையில் 'மாத இதழ்' என்று போட்டிருந்தாலும் அந்தப் புத்தகம் தனக்குத் தோன்றிய மாதத்தில்தான் வரும். ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்திலும் துணி அவிழப்போகிற மாதிரி வந்து, அவிழாமலே முடிந்துவிடும். அந்தப் பக்கத்தைப் பார்த்து நான் திட்டிய திட்டெல்லாம் வரைந்தவர் காதில் விழுந்திருந்தால் மனுஷன் வேறு தொழில் தேடிப் போயிருப்பார்.

நான் பழவேற்காட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். காலையில் எங்கள் தீவிலிருந்து படகில் போய்ச் சாயங்காலப் படகில் திரும்புவேன். ஆதாரில் பெயர் திருத்துவது, ரேஷன் கார்டில் ஆள் சேர்ப்பது, ஆள் நீக்குவது, இதெல்லாம் என் வேலை. புத்தகம் தபாலில் கடை விலாசத்துக்கு வரும். நான் கல்யாணம் ஆகிப் போய் ஒன்றரை வருஷத்தில் திரும்பி வந்தவள். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதிலில் பிறகு யாரும் கேட்பதில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். வீட்டில் நைனா, தம்பி, நான்.

புத்தகத்தைக் கொண்டுவருபவள் நான் என்பதால் முதலில் படிப்பவளும் நான்தான். தம்பி என்னைவிட மூன்று வயது சின்னவன், நைனாவோடு ஏரிக்குப் போகிறவன். இறால் நாற்றம் போகக் கையைக் கழுவிவிட்டு வா என்று விரட்டுவேன். கழுவாமலே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சீக்கிரம் திருப்புக்கா, பேஜாரு பண்ணாத" என்பான். இத்தனைக்கும் அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது.

ஐந்தாவது இதழில்தான் அந்தப் படம் வந்தது. சாம்பல் முகத்தான் போலீஸிடமிருந்து தப்பித்துக் கடற்கரை வழியாக ஓடுகிறான். மேலேயிருந்து பார்க்கிற மாதிரி பக்கம் முழுக்க ஒரே படம். மணலில் பெரிய வலை ஒன்று காயப் போட்டிருக்கிறது. அவனுடைய காலடித் தடம் நேராக வந்து, வலைக்கு முன்னால் வளைந்து, அதைச் சுற்றிக்கொண்டு போய், மறுபடி நேராகப் போகிறது. நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். தம்பி என் கையைப் பிடித்துத் திரும்பப் புரட்டினான்.

"பாத்தியாக்கா? வலைய மிதிக்கல."

"அதுக்கு இன்னா?"

"உசுருக்குப் பயந்து ஓடுறவன் வலையப் பாத்து சுத்திக்கினு போறான்னா அவன் யாரு? நம்ம ஆளு. மொத புக்குல வந்தானே படகுக்காரன், அவன்தான் இவன்."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் தீவில் விரித்துப் போட்ட வலையை யாரும் மிதிக்கமாட்டார்கள், தாண்டவும் மாட்டார்கள். எவ்வளவு அவசரமானாலும் சுற்றித்தான் போகவேண்டும். நடக்கத் தெரிந்த வயதிலேயே முதுகில் ஒன்று வைத்துச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதன்பிறகு கால் தானாக வளைந்துகொள்ளும், யோசிக்கத் தேவையில்லை. முதல் இதழில் கதாநாயகனை ஆற்றைக் கடத்திவிட்ட படகுக்காரன் மூன்றாவது இதழில் மூழ்கிச் செத்ததாக வரும். ஆனால் பிணத்தைக் காட்டவில்லை. நானும் தம்பியும் அன்று முழுக்க வேறு எதுவும் பேசவில்லை. நைனா சாப்பிடும்போது, "யாருடா அந்தப் படகுக்காரன், நம்மூரா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்த சிரிப்பில் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஒன்பதாவது இதழ் வந்தபோது தம்பி போய்விட்டான்.

தெற்கே காட்டுப்பள்ளிப் பக்கம் இருக்கும் துறைமுகம் பெரிதாகக் கூடாது என்று எங்கள் ஊர்கள் ஒரே பேச்சாக நின்றிருந்த நேரம். அங்கே யாரும் வேலைக்குப் போகக் கூடாது என்று எங்கள் தீவில் ஊர் கூடி முடிவு செய்தார்கள். அந்த முடிவைச் சொன்னவர்களில் என் நைனாவும் ஒருவர். மறு மாதமே தம்பி அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். எங்கள் ஏரியில் மீன் விழுகிற நல்ல இடங்களில் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. குடும்பத்துக்குக் குடும்பம் முறை வரும், அதற்குப் பாடு என்று பேர். "எத்தினி நாளைக்கு ஒரு பாடுன்னு குந்திக்கினு இருக்கறது? வர்ற பாட்டுல மட்டும் இன்னா விழுது?" என்று தம்பி கேட்டான். கேட்டதில் தப்பு இருந்ததாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

நைனா கத்தவில்லை. "ஊருக்குச் சொன்ன வாய் இது. வூட்டுக்கு வேற வாய் எனக்கு இல்ல. இனிமே இந்த வாசல்ல கால வெக்காத" என்றார். பாட்டுப் பட்டியலில் தம்பி பெயரை அடித்தார்கள். ரேஷன் கார்டிலும் எடுத்துவிடு என்று நைனா என்னிடம் சொன்னார். எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். எடுக்கவில்லை. இன்றுவரை மாதா மாதம் அவன் பங்கு அரிசியையும் சேர்த்துத்தான் நாங்கள் சாப்பிடுகிறோம், நைனாவுக்குத் தெரியாது.

அன்றிலிருந்து நைனா வலையை உலர்த்தும் இடத்தையும் மாற்றிக்கொண்டார். அதுவரைக்கும் வீட்டுக்குப் பக்கவாட்டில் போடுவார். இப்போது வாசலுக்கு நேராக, வேலியிலிருந்து வேலி வரைக்கும் குறுக்கே விரித்துவிடுவார். நானும் அவரும் சுற்றிப்போய்க் கொல்லைப்பக்கம் வழியாகத்தான் நுழையவேண்டும். இரண்டு பேர் பிடிக்கிற வலையைத் தனியாக இழுக்க முடியாமல் சின்ன வலைக்கு மாறினார். வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் காதில் விழாத மாதிரி இருப்பார். வீட்டில் இரண்டு பேர் இருந்தோம், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

தம்பியின் நம்பர் எனக்குக் கிடைத்தது. அங்கே வேலை செய்யும் ஒருவரின் மனைவி கடைக்கு வந்தபோது எழுதிக் கொடுத்தாள். நான் கூப்பிடவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனான் என்று ரோஷம். ஒன்பதாவது இதழை நான் முழுசாகப் படிக்கவே ஒரு மாதம் ஆனது. தோளுக்குப் பின்னால் யாரும் இல்லாமல் பக்கம் திருப்பத் தெரியவில்லை எனக்கு.

அப்படி இருந்தபோதுதான் அந்த வாசகர் குழுவில் சேர்ந்தேன். செல்போனில் நடக்கிற குழு. அங்கே யாருடைய நம்பரும் தெரியாது, ஆளாளுக்கு ஒரு புனைபெயர். விடிந்தால் பொழுது போனால் ஒரே பேச்சு: சாம்பல் முகத்தான் யார்? டாக்டர் என்று ஒரு கட்சி, நீதிபதி என்று ஒரு கட்சி. பத்திரிகை ஆசிரியர்தான், அவர் கண்ணும் இவன் கண்ணும் ஒன்று என்று ஒருத்தர் இரண்டு கண்ணையும் வெட்டி ஒட்டிப் போட்டார். நான் ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது இதழ் படத்தைப் போட்டு எழுதினேன்: வலையை மிதிக்காதவன் மீனவன், அவன் அந்தப் படகுக்காரன்தான்.

சிரித்துத் தள்ளிவிட்டார்கள். காலில் வலை சிக்கிவிடும் என்று சுற்றிப் போயிருப்பான், இதற்குப் போய் இவ்வளவா என்றார்கள். ஒருத்தர் எனக்கு 'வலைக்காரம்மா' என்று பெயரே வைத்துவிட்டார். நான் பதிலுக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அதுவரை அதிகம் பேசாத ஒருவர் உள்ளே வந்தார். நாரை என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர்.

"அவர் சொல்வது சரி. கடற்கரையில் பிறக்காதவன் வலையை மிதித்துக்கொண்டுதான் ஓடுவான். பிறந்தவனுக்குக் கால் தானாக வளைந்துவிடும்."

நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படகுத்துறை வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். கால் தானாக வளைந்துவிடும். எங்கள் வீட்டு ஆள் தவிர வேறு யார் இதைச் சொல்வார்கள்? ஏரி நிறைய நாரை இருக்கிற ஊர்க்காரனைத் தவிர வேறு யார் அந்தப் பெயரை வைத்துக்கொள்வார்கள்?

அதன்பிறகு ஜெராக்ஸ் கடைக்காரி துப்பறிவாளர் ஆகிவிட்டாள். நாரை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வருவார். துறைமுகத்தில் ஷிப்ட் முடிகிற நேரம் என்று முடிவுகட்டினேன். சில வாரம் காலையில் வருவார், ஷிப்ட் மாறியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் அவர் எழுதினார்: "அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் அக்கா படித்து முடித்த பிறகுதான் புத்தகம் என் கைக்கு வரும்." அவ்வளவுதான், எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் எந்த வீட்டில் தம்பிக்காரன் முதலில் படித்தான் என்று யோசிக்கிற புத்தி அன்றைக்கு எங்கே போனதோ.

நீதானே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஓடிவிடுவான் என்று பயம். அவனும் என்னைத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறான், தெரியாத மாதிரி இருப்பதுதான் அவனுக்கு வசதி என்று நினைத்தேன். தினம் சாயங்காலப் படகில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டே வருவேன். படகுக்காரனைப் பற்றி மட்டும்தான் பேசுவோம். "அவனுக்குச் சொந்தபந்தம் உண்டா?" என்று ஒருநாள் கேட்டேன். "இருப்பார்கள். அவன்தான் போகமாட்டான். போக முகம் இருக்காது" என்று பதில் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மீன்காரம்மா, "இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சி?" என்று பதறிவிட்டாள். ஒன்றுமில்லை, காற்று கண்ணில் அடிக்கிறது என்றேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. தம்பியோடு தினம் பேசுகிறவள் தம்பிக்கு எதற்காகப் போன் செய்யவேண்டும்?

போன வருஷம் கடைசி இதழ் வந்தது. கடையிலேயே உறையைக் கிழித்து, ஒரு ஆள் ரேஷன் கார்டோடு காத்திருக்க, கடைசிப் பக்கத்துக்குப் போனேன். துணி அவிழ்ந்தது. நீதிபதி. நரைத்த மீசையும் கண்ணாடியுமாக அந்தக் கிழட்டு நீதிபதி நின்றுகொண்டிருந்தார். படகுக்காரனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. செத்தவன் செத்தவன்தான்.

அந்த ஞாயிறு மதியம் வரைந்தவரையே குழுவுக்கு அழைத்து வந்தார்கள். ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். நானும் கேட்டேன், ஐந்தாவது இதழில் நீதிபதி ஏன் வலையைச் சுற்றிக்கொண்டு ஓடினார் என்று. அவர் நல்ல மனிதர், ஒளிக்காமல் சொன்னார். "அந்த வலையோட கண்ணி ஒவ்வொண்ணா வரைய எனக்கு மூணு நாள் ஆச்சும்மா. அது மேல கால் தடத்தப் போட்டுக் கெடுக்க மனசு வரல. சுத்தி விட்டுட்டேன்."

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. வலைக்காரம்மாவுக்கு மாலை போடுங்கள் என்றார்கள். சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு நாரை ஒரே ஒரு வரி எழுதினார். "நானும் அதையேதான் நம்பினேன்."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. இவ்வளவு பேரில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் இந்தத் தப்பு வந்திருக்கிறது. வேறு யாருக்கும் வந்திருக்க முடியாது. தோற்றாலும் சேர்ந்து தோற்றோம் என்று ஒரு துணிச்சல் வந்தது. அவருக்குத் தனியாக எழுதினேன்: "டேய், நீதானே? நைனா தனியாத்தான் ஏரிக்குப் போறாரு. வந்துடுடா."

அரைமணி நேரம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. அழுத்திக் கேட்டேன். வயதான குரல், தெற்கத்திப் பேச்சு.

"தங்கச்சி, நீங்க யாரையோ நெனச்சுக்கிட்டுப் பேசுறீகன்னு தெரியுது. எனக்கு அறுபது தாண்டிருச்சும்மா. நான் தெக்கே கடக்கரைக்காரன், இங்கன துபாயில ஒரு கேம்ப்புல சமையல் பாக்குறேன். எங்க ஊர்லயும் வலைய மிதிக்க மாட்டோம். அதான் சொன்னேன். மனசு சங்கடப்பட்டுப் போச்சு, மன்னிச்சுக்கங்க."

அதை மூன்று தடவை கேட்டேன். எங்கள் தீவு ஒன்றுதான் கடற்கரை, எங்கள் வலை ஒன்றுதான் வலை என்று நினைத்திருந்திருக்கிறேன். ஊர் ஊராக எத்தனை பேருக்குக் கால் இப்படி வளைகிறதோ. அந்தப் பெரியவருக்கு எதுவும் பதில் எழுதத் தோன்றவில்லை, அது இன்றைக்கும் உறுத்துகிறது. அதைவிட உறுத்தியது வேறு. இரண்டு வருஷமாக நான் யாரோடும் பேசவில்லை. தம்பியும் இரண்டு வருஷமாக யாராவது கூப்பிடுவார்களா என்று இருந்திருப்பான். அந்த நம்பர் என் போனிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் நைனா வாசலில் உட்கார்ந்து வலையில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். நான் கொல்லைப்பக்கம் போய்க் கூப்பிட்டேன். எடுத்தான்.

"யாரு?"

இரண்டு வருஷமாக யார் யார் என்று தேடியவளுக்கு அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

"நான்தான்டா."

"நைனாவுக்கு இன்னா ஆச்சி?" என்றான்.

"ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் கீறாரு."

"அப்புறம் இன்னாத்துக்குப் போனு?"

கோபமா அழுகையா என்று தெரியவில்லை. இன்னும் ஒரு வினாடி விட்டால் வைத்துவிடுவான் என்று தோன்றியது. வாயில் வந்ததைச் சொன்னேன். "சாம்பல் முகத்தான் யாருன்னு தெரிஞ்சிடுச்சி."

வைக்கவில்லை. "அதெல்லாம் நான் படிக்கறதே இல்ல. எட்டோட விட்டுட்டேன்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "யாரு?" என்றான்.

நீதிபதி என்று சொல்ல வாயைத் திறந்தேன். "படகுக்காரன்தான்டா" என்று வந்துவிட்டது.

"நான் அப்பவே சொல்லல?" காது கிழிகிற மாதிரி கத்தினான். "நான் சொன்னேனா இல்லியா?"

"நீதான் சொன்ன."

"எப்டிப் புடிச்சாங்க? வலைய வெச்சா?"

"வலைய வெச்சிதான்" என்றேன். "வழில குறுக்கால வலைய விரிச்சி வெச்சாங்க. எல்லாரும் மிதிச்சிக்கினு போனாங்க. இவன் மட்டும் நின்னுட்டான்."

அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வைக்கும்போது, "அந்தப் புக்கப் பத்திரமா வெய்யி. வந்து படிக்கறேன்" என்றான். எப்போது என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றான்.

கடைசி இதழை அரிசி டிரம்முக்கு அடியில் பாலித்தீன் உறையில் சுற்றி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் கூப்பிடுகிறான். வீட்டைப் பற்றி எதுவும் கேட்பதில்லை, படகுக்காரனைப் பற்றித்தான் கேட்கிறான். ஜெயிலுக்குப் போனானா, வெளியே வந்தானா, அப்புறம் என்ன ஆனது என்று. நானும் வாரம் முழுக்க யோசித்து வைத்துச் சொல்கிறேன். படகுக்காரனுக்கு இப்போது ஒரு அப்பா இருக்கிறார், ஒரு அக்கா இருக்கிறாள். அவர்கள் வரும் இடத்தில் தம்பி பேசாமல் கேட்டுக்கொள்கிறான்.

போன மாதம் ஒரு ஞாயிறு. கொல்லையில் நின்று பேசிவிட்டு உள்ளே வந்தேன். நைனா வாசலில் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்து முனையை வேலியிலிருந்து அவிழ்த்து, மடித்து, நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவு மணலை விட்டுவிட்டு, மீதியைப் பக்கவாட்டில் விரித்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இன்னா நைனா, மாத்திப் போடுற?"

"வழில கெடக்குது" என்றார். நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே, "அந்தப் படகுக்காரன் ஊருக்கு வந்தானா இல்லியா?" என்று கேட்டார்.

"இன்னும் வரல" என்றேன்.

அவன் வந்தால் முதல் வேலையாகப் புத்தகத்தைத்தான் கேட்பான். நான் இத்தனை வாரம் சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்துவிடும், வாயில் வந்தபடி திட்டுவான். திட்டட்டும். தினமும் காலையில் படகுக்குப் போகும்போது வாசல் வழியாகத்தான் இப்போது போகிறேன். அந்த மணலில் இதுவரைக்கும் என் கால் தடமும் நைனாவின் கால் தடமும்தான் இருக்கின்றன.